கணக்கும் வானமும் முரண்பட்டால்

பஞ்சாங்கம் இல்லாத வீடு எம்மிடையே அரிது. யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம் என்றும் திருக்கணித பஞ்சாங்கம் என்றும் இருவகை வழங்குகின்றன. ஒரு திதி முடியும் நேரத்தை இவ்விரண்டும் வேறுபடக் கூறுவதையும், அதனால் சில ஆண்டுகளில் விரதநாள் எதுவென்று பெரியோர்களிடையே வாதம் எழுவதையும் நாம் அறிவோம். எது கொள்ளத்தக்கது என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று; அதற்கு நாம் தகுதியுடையேமும் அல்லேம். ஆயினும் அந்த வாதத்தின் அடியிலே ஒரு பெரிய வினா கிடக்கின்றது. சந்திரன் நாளை எங்கே நிற்பான் என்று இன்று கணக்கிடுகின்றோம். நாளை வானத்தைப் பார்க்கின்றோம். கணக்கு ஓரிடத்தைக் காட்டுகின்றது. வானம் வேறோரிடத்தைக் காட்டுகின்றது. அப்பொழுது குற்றம் யாரிடம்? கணக்கைச் செய்தவரிடமா? அவர் கைக்கொண்ட விதியிடமா? அல்லது எவர் கண்ணுக்கும் படாமல் வானத்தில் மறைந்திருக்கும் வேறொரு பொருளிடமா?

ஐரோப்பாவிலே நியூற்றனுக்குப் பின்வந்த இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் இந்த வினா மும்முறை பெரிதாக எழுந்தது. மும்முறையும் வெவ்வேறு விடை கிடைத்தது. அந்த வரலாற்றையே ஈண்டுச் சுருக்கிக் கூற முயல்கின்றோம். கணிதம் பயிலாத அன்பர்களும் படிக்கத்தக்கதாகச் சமன்பாடுகளைத் தவிர்த்துள்ளோம்.

இரண்டு பொருள்களின் கணக்கு

முதலிற் கெப்பிளரை நினைத்தல் வேண்டும். தைக்கோ பிராகே என்னும் டென்மார்க்கு நாட்டு வானியலார் தொலைகாட்டி தோன்றுமுன்னரே வெறுங்கண்ணால் கோள்களின் நிலைகளை அளந்து குறித்து வைத்தார். அக்குறிப்புகளிலிருந்து செவ்வாயின் பாதையைக் காண முயன்ற கெப்பிளர், வட்டங்களைக் கொண்டு ஒரு கணக்கை அமைத்தார். அது எட்டுக் கலை அளவிற்குள் ஒத்துவந்தது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. முழுநிலாவின் அகலமே ஏறக்குறைய முப்பது கலை; ஆகவே எட்டுக் கலையென்பது நிலாவின் அகலத்தில் நாலிலொரு பங்கு. வேறொருவராயின் இவ்வளவு போதும் என்று விட்டிருப்பர். கெப்பிளர் விடவில்லை. தைக்கோவின் அளவை அவ்வளவு பிழைக்காது என்று நம்பி, ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற தமது கணக்கையே தள்ளிவிட்டார். மேலும் பல முயற்சிகளின் பின், கோள்கள் செல்வது வட்டத்திலன்று, நீள்வளையத்தில் என்று 1609ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அது ஏன் நீள்வளையமாயிற்று என்பதற்குக் காரணம் கூறியவர் நியூற்றன். 1684ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எட்மண்ட் ஹலி என்பவர் கேம்பிரிட்சுக்குச் சென்று அவரைக் கண்டார். தூரத்தின் வர்க்கத்திற்கு நேர்மாறாகக் குறையும் விசையொன்றாற் சூரியன் ஒரு கோளை இழுக்குமாயின், அக்கோள் எத்தகைய வளைகோட்டிற் செல்லும் என்று வினவினார். நீள்வளையத்தில் என்று உடனே விடை வந்தது. தாம் அதை முன்னரே கணித்துவிட்டதாகவும் நியூற்றன் கூறினார். ஆனால் கணித்த தாளைத் தேடியபோது அது அகப்படவில்லை. மீண்டும் எழுதி அனுப்புவதாகச் சொன்னவர் அவ்வாறே அனுப்பினார். அச்சிறு கட்டுரை வளர்ந்து வளர்ந்து 1687இற் பிரின்சிப்பியா என்னும் பெருநூலாயிற்று. அதன் அச்சுச் செலவை ஏற்றவர் ஹலியே. இலண்டன் அரச கழகத்தின் பணம் மீன்களைப் பற்றிய வேறொரு நூலை அச்சிடுவதிற் செலவாகிப் போயிருந்தது.

நியூற்றனின் விதி மிகச் சுருக்கமானது. எந்த இரு பொருள்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்த விசை அவற்றின் திணிவுகளின் பெருக்கத்திற்கு நேராகவும், இடைத்தூரத்தின் வர்க்கத்திற்கு நேர்மாறாகவும் இருக்கும். உலகில் இரண்டே பொருள்கள் இருப்பின் கணக்கு இனிதே முடிந்துவிடும். இரண்டும் தமது பொதுத் திணிவுமையத்தைச் சுற்றி வரும். ஒன்றைச் சுற்றி மற்றது செல்லும் பாதை நீள்வளையம். அந்த நீள்வளையம் திசை திரும்பாமல் என்றென்றும் அப்படியே கிடக்கும். விரிவுரை மண்டபத்திலே இரண்டு மணித்தியாலத்தில் இதனை நிறுவிக் காட்டிவிடுகின்றனர். கரும்பலகையைத் துடைத்தபின், இனிமேல் வானத்தில் யாதொரு புதிரும் இல்லைபோலும் என்ற எண்ணம் மாணவருக்கு எழுதல் இயல்பு.

மூன்றாவது பொருள்

வானத்திலே இரண்டு பொருள்கள் மாத்திரம் இல்லை. சந்திரன் பூமியைச் சுற்றுகின்றது. ஆனால் சூரியன் இரண்டையும் இழுக்கின்றது, அதுவும் ஒரே அளவாக இழுப்பதில்லை. இதனாற் சந்திரனின் நீள்வளையம் ஒரு நிலையில் நிற்பதில்லை. பூமிக்கு மிகத் தொலைவாகச் சந்திரன் செல்லும் இடத்தை உச்சம் என்பர். சாதகத்திற் கூறப்படும் உச்சமும் நீசமும் வேறு. இது தூரத்தைக் குறிக்கும் வானநூற் சொல். இந்த உச்சம் விண்மீன்களிடையே மெல்ல நகர்ந்து, எட்டு ஆண்டும் பத்து மாதமும் கொண்ட காலத்தில் வானத்தை ஒருமுறை சுற்றி வருகின்றது. ஒவ்வொரு மாதச் சுற்றுக்கும் ஏறக்குறைய மூன்று பாகை நகர்ச்சி.

இதனை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சந்திரன் ஓர் உச்சத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் உச்சத்தை அடைய 27 நாளும் அரைநாளுக்குச் சற்று மேலும் செல்லும். அத்தகைய சுற்று ஒன்பது சேர்ந்தால் 248 நாள். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248 என்பதன் பொருத்தம் இதுவே. ஒவ்வொரு வாக்கியமும் ஒவ்வொரு நாளின் சந்திரநிலையை எழுத்துகளில் மறைத்து வைத்திருக்கும். வாக்கியங்களை மனனஞ் செய்தவருக்கு அட்டவணைப் புத்தகம் வேண்டியதில்லை. ஆனால் உச்சம் நகர்கின்றது என்பதை அறிதல் ஒன்று. அது ஏன் மூன்று பாகை நகர்கின்றது என்று ஒரு விதியிலிருந்து பெறுதல் வேறொன்று. முன்னது பல தலைமுறை கண்டு அளந்ததன் பயன். பின்னதற்கு நியூற்றனின் விதி வேண்டியிருந்தது.

நியூற்றன் முயன்றார். உச்சத்தின் நகர்ச்சிக்குப் பிரின்சிப்பியாவில் அவர் பெற்ற எண் ஒரு சுற்றுக்கு 1 பாகை 31 கலை 28 விகலை. உண்மை நகர்ச்சியோ அதைப்போல் இருமடங்கு. சந்திரனைப் பற்றிய ஆராய்ச்சியைத் தவிர வேறொன்றும் தமக்குத் தலைவலி தந்ததில்லை என்று அவர் நண்பரிடம் கூறியதாக ஒரு செய்தி உண்டு.

மூன்று பொருள்களின் கணக்கு ஏன் இவ்வளவு கடினம்? மூன்று பொருள்களின் நிலைகளையும் வேகங்களையும் குறிக்கப் பதினெட்டு எண்கள் வேண்டும். அவற்றின் அசைவு முழுவதிலும் மாறாது நிற்கும் கணியங்கள் சில உள்ளன. சத்தி ஒன்று, மொத்த உந்தமும் திணிவுமையத்தின் அசைவும் தருவன ஆறு, கோண உந்தம் தருவன மூன்று, ஆகப் பத்து. எஞ்சிய எட்டையும் பிடிக்க இத்தகைய பிடிமானம் இல்லை. 1887இல் புரூன்சு என்னும் செர்மானியர், அட்சரகணித முறையில் வேறு பிடிமானம் கிடைக்கவே மாட்டாது என்று நிறுவினார். ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் கணிதர் அண்ணளவு முறையைக் கைக்கொண்டனர். முதலிற் சூரியன் இல்லையெனக் கொண்டு நீள்வளையத்தை எழுதுவர். பின்னர்ச் சூரியனின் சிறு இழுப்பாற் சந்திரன் எவ்வளவு விலகும் என்று கண்டு திருத்துவர். திருத்திய பாதையில் இழுப்பும் சிறிது மாறும் அல்லவா? அதற்காக மீண்டும் திருத்துவர். ஒவ்வொரு திருத்தமும் முன்னையதிலும் மிகச் சிறிதாக இருக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

கிளெரோ: குற்றம் கணக்கில்

அலெக்சி கிளெரோ 1713இற் பாரிசில் ஒரு கணித ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில் அந்நகரத்து விஞ்ஞானக் கழகத்திலே தம் சொந்த ஆராய்ச்சியைப் படித்தவர். பதினெட்டாம் வயதில் அக்கழகத்தின் அங்கத்தவரானவர். 1747ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் கழகத்தின் முன்னெழுந்து சொன்ன செய்தி சபையைத் திடுக்கிடச் செய்தது. நியூற்றனின் விதியைக் கொண்டு சந்திரனின் உச்சத்தைக் கணித்தேன். உண்மை நகர்ச்சியிற் பாதியே கிடைக்கின்றது. ஆகவே விதி முழுமையானதன்று. வர்க்கத்திற்கு நேர்மாறான விசையோடு தூரத்தின் நாலாம் அடுக்கிற்கு நேர்மாறான சிறு விசையொன்றையும் கூட்டவேண்டும் என்பதே அச்செய்தியின் சாரம்.

இது வீண் துணிவன்று. அதே காலத்தில் ஒயிலர், தலம்பேர் என்னும் இரு பெருங்கணிதரும் தனித்தனியே கணித்து அதே பாதியைத்தான் பெற்றிருந்தனர். மூவர் வேறுவேறு வழியாற் சென்று ஒரே எண்ணைப் பெற்றால் அவ்வெண்ணில் நம்பிக்கை பிறத்தல் இயற்கை.

எதிர்த்தவர் பூபோன். இயற்கையின் விதி ஒன்று எளிமையாக ஒரே உறுப்பால் ஆனதாக இருத்தல் வேண்டும். இரண்டு உறுப்புகளை ஒட்டவைத்தால் அது விதியாகாது என்பது அவருடைய வாதம். இருவரும் கழகத்திலே மாறிமாறி வாதிட்டனர். இங்கே நாம் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. முடிவிற் பூபோன் கூறியதே சரியாயிற்று. ஆனால் அவர் கூறிய காரணம் போதாது. எளிமையாக இருக்கவேண்டும் என்று நாம் விரும்புவதனால் இயற்கை எளிமையாகிவிடாது. கிளெரோவை மாற்றியது பூபோனின் வாதமன்று. கிளெரோவின் கணக்கே அவரை மாற்றியது.

1749ஆம் ஆண்டு மே மாதத்திற் கிளெரோ மீண்டும் கழகத்தின் முன்னெழுந்தார். தம் முந்திய முடிவைத் தாமே மறுத்தார். முதலாந் திருத்தத்தோடு நிறுத்தாமல் இரண்டாந் திருத்தத்தையும் விடாது கணித்தால், உச்சத்தின் நகர்ச்சி உண்மைக்கு மிக அணித்தாக வந்துவிடுகின்றது. விதியிற் குறையில்லை என்றார்.

இரண்டாந் திருத்தம் மிகச் சிறிதாக இருக்கும் என்றல்லவா எல்லோரும் எண்ணினர்? அதுதான் மூவரையும் ஏமாற்றிய இடம். பிற்காலத்தார் ஒழுங்குபடுத்திய தொடரில் இதனை நன்கு காணலாம். சந்திரமாதத்திற்கும் சூரியவருடத்திற்குமுள்ள விகிதத்தை ஒட்டிய ஒரு சிற்றெண், ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்கு, அத்தொடரின் அடிப்படை. முதலாம் உறுப்பு அச்சிற்றெண்ணின் வர்க்கத்தை முக்காலாற் பெருக்கியது. அது ஒரு சுற்றுக்கு ஒன்றரைப் பாகை தரும்; நியூற்றன் கண்ட அதே பாதி. இரண்டாம் உறுப்பு அச்சிற்றெண்ணின் கனம். ஆகையாற் பதின்மூன்று மடங்கு சிறுக்க வேண்டியது. ஆனால் அதனைப் பெருக்கும் எண் 225இன் கீழ் 32, அதாவது ஏழுக்கும் மேல். எனவே அது மாத்திரமே ஏறத்தாழ ஒரு பாகையைத் தருகின்றது. அதற்கடுத்த உறுப்புகள் எஞ்சிய அரைப் பாகையை நிரப்புகின்றன. சிறியது என்று விட்டுவைத்தவற்றிலேதான் உண்மையின் மறுபாதி இருந்தது.

கிளெரோ எவ்வாறு இதனைப் பெற்றார் என்பது ஒயிலருக்கு உடனே விளங்கவில்லை. சென் பீற்றர்ஸ்பேர்க்குக் கழகம் 1751ஆம் ஆண்டின் பரிசுக்கு இந்தப் பொருளையே விடுத்தது. கிளெரோவின் சந்திரக்கொள்கை பரிசுபெற்று 1752இல் அச்சாயிற்று. ஒயிலரும் தம் வழியாற் கணித்து அதே முடிவை அடைந்தார்.

இதன் பயன் ஏட்டோடு நிற்கவில்லை. ஒயிலரின் கொள்கையை அடியாகக் கொண்டு, உற்றுநோக்கிய அளவைகளாற் செப்பஞ்செய்து, தோபியாசு மாயர் என்னும் செர்மானியர் சந்திரனின் அட்டவணைகளை வகுத்தார். கடலிற் கப்பல் நிற்கும் நெடுங்கோட்டைச் சந்திரனைக் கொண்டு அறிய அவை உதவின. 1765இற் பிரித்தானிய அரசு மாயரின் விதவைக்கு 3000 பவுணும் ஒயிலருக்கு 300 பவுணும் வழங்கியது.

இவ்விடத்தில் எம்மவரைப் பற்றிய ஒரு செய்தி வருகின்றது. லெ சாந்தி என்னும் பிரெஞ்சு வானியலார், சூரியனை வெள்ளி கடக்குங் காட்சியைக் காணப் புதுச்சேரிக்கு வந்தவர். 1769இல் அக்காட்சியை முகில் மறைத்துவிட்டது. அங்கே தங்கியிருந்த காலத்தில் அவர் தமிழரின் வானக்கணிதத்தைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30இல் நிகழ்ந்த சந்திரகிரகணத்தின் கால அளவைத் தமிழ்முறைக் கணக்கு 41 விநாடி குறைத்துக் காட்டியதையும், மாயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிக் காட்டியதையும் அவர் எழுதி வைத்துள்ளார். ஒரு கிரகணத்தைக் கொண்டு ஒரு முறை மற்றதினும் உயர்ந்தது என்று முழங்குதல் நேர்மையாகாது. மனனஞ் செய்த வாக்கியமும் சோழியும் கொண்டு எம்முன்னோர் இவ்வளவு அணித்தாகச் சென்றனர் என்பதே நாம் மகிழத்தக்கது. ஆனால் வாக்கியம் தான் பிழைக்கும்போது ஏன் பிழைத்தது என்று கூறாது. காரணத்திலிருந்து வந்த கணக்கோ, தன் பிழையின் காரணத்தையும் தேட இடந்தரும்.

வால்வெள்ளியின் சாட்சி

1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளிற் காணப்பட்ட வால்வெள்ளி மூன்றும் ஒன்றே என்றும், அது 1758ஆம் ஆண்டளவில் மீண்டும் வரும் என்றும் ஹலி கூறிவைத்து 1742இல் மறைந்தார். ஆனால் முந்திய இரு இடைவெளிகளும் ஒத்தனவல்ல. ஒன்று மற்றதினும் ஓராண்டுக்கு மேல் நீண்டது. வியாழனும் சனியும் வழியிலே அதனை இழுப்பதே காரணம். எனவே திரும்பும் நாளைக் கூறக் கோள்களின் இழுப்பை நூற்றைம்பது ஆண்டுக்குப் படிப்படியாகக் கணிக்கவேண்டியிருந்தது.

கிளெரோ இப்பணியை மேற்கொண்டார். லலாந்து என்னும் இளம் வானியலாரும், மணிக்கூட்டுக் கலைஞர் ஒருவரின் மனைவியாகிய நிக்கோல்-ரெயின் லெபோத்து அம்மையாரும் உடனிருந்து எண்களைப் பெருக்கினர். 1758இல் ஆறு மாதம் காலை முதல் இரவு வரை, சிலவேளை உணவு மேசையிலுங்கூட, கணக்கு நடந்தது என்று லலாந்து எழுதினார். அம்மையாரின் உதவியின்றி இவ்வேலையைத் தொடங்கவும் துணிந்திரோம் என்பது அவர் கருத்து. நவம்பர் மாதத்திற் கிளெரோ முடிவை வெளியிட்டார். முந்திய சுற்றிலும் 618 நாள் தாமதம். அதில் வியாழனால் 518, சனியால் 100. சூரியனுக்கு மிக அணித்தாக வருவது 1759 ஏப்பிரில் நடுவில். பிழை ஒரு மாதத்திற்குள் இருக்கலாம்.

1758ஆம் ஆண்டு நத்தார் இரவில் திரெசுடன் நகருக்கு அண்மையிற் பலிட்சு என்னும் கமக்காரர் தம் தொலைகாட்டியில் வால்வெள்ளியைக் கண்டார். சூரியனுக்கு மிக அணித்தாக அது வந்தது 1759 மார்ச்சு 13இல். கிளெரோ கூறிய எல்லைக்கு ஓரிரு நாள் வெளியே! பன்னிரண்டு ஆண்டின் முன் நியூற்றனின் விதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவரே, அதற்குச் சிறந்த சாட்சியையும் கொண்டுவந்தார். பின்னர் வெளியிட்ட நூலில் அவர் அம்மையாருக்கு உரிய நன்றியைக் கூறாது விட்டார் என்பதையும் மறைத்தல் ஆகாது.

மறைந்திருந்த கோளும் மாறவேண்டிய விதியும்

இரண்டாம் முறை முரண்பாடு எழுந்தது யுரேனசு என்னும் கோளில். 1781இல் வில்லியம் ஹேர்செல் கண்டுபிடித்த அக்கோள், சில பதின் ஆண்டுகளிற் கணக்கிட்ட வழியை விட்டு விலகலாயிற்று. தூரம் மிகுந்தவிடத்து நியூற்றனின் விதி மாறுமோ என்று ஐயுற்றவர்களும் இருந்தனர். ஆனால் கிளெரோவின் அனுபவம் பின்னின்று எச்சரித்தது. பிரான்சில் லெவெரியேயும் இங்கிலாந்தில் அடம்சும், காணாத ஒரு கோள் இழுக்கின்றது எனக்கொண்டு, அது எங்கே இருத்தல் வேண்டும் என்று தனித்தனியே கணித்தனர். 1846 செப்தெம்பர் 23இல் லெவெரியேயின் கடிதம் பேர்லினிலுள்ள காலே என்பவருக்குக் கிடைத்தது. அன்றிரவே, கூறிய இடத்திலிருந்து ஒரு பாகைக்குள், நெப்தியூன் காணப்பட்டது. இம்முறை குற்றம் விதியிலும் இல்லை, கணக்கிலும் இல்லை; எமது அறியாமையில் இருந்தது.

மூன்றாம் முறை புதன். அதன் பாதை சூரியனுக்கு அணித்தாகும் இடமும் மெல்லத் திரும்புகின்றது. மற்றக் கோள்களின் இழுப்பு முழுவதையும் கணித்த பின்னும் ஒரு நூற்றாண்டுக்குச் சில பத்து விகலை எஞ்சியது. 1859இல் லெவெரியே இதனை 38 விகலை என்றார். பின்வந்தோர் 43 என்று திருத்தினர். நெப்தியூனில் வென்ற அவர், இங்கும் ஒரு மறைந்த கோள் உண்டென்று நம்பினார். வல்கன் என்று பெயருஞ் சூட்டப்பட்டது. எத்தனையோ சூரியகிரகணங்களில் தேடியும் அது அகப்படவில்லை. 1894இல் ஆசாப் ஹோல் வேறொரு வழி கூறினார். தூரத்தின் அடுக்கை 2 என்பதற்குப் பதிலாக 2.00000016 எனக் கொண்டாற் புதன் ஒத்துவரும். ஆனால் அவ்வளவு சிறு மாற்றமும் சந்திரனின் உச்சத்தைப் பாதிக்குமே! 1903இல் ஏர்னசு பிரவுண் சந்திரக்கணக்கை மிக நுணுக்கமாக முடித்தபோது, உச்சத்தின் நகர்ச்சி 2 என்ற அடுக்கோடுதான் ஒத்தது. ஹோலின் அடுக்குக்கு இடமில்லாது போயிற்று. ஒருகால் விதியை ஐயுறச் செய்த அதே உச்சம், இப்பொழுது தவறான திருத்தத்தைத் தள்ளும் உரைகல்லாயிற்று.

1915 நவம்பரில் ஐன்ஸ்ரைன் தம் புதிய ஈர்ப்புக் கொள்கையிலிருந்து அந்த 43 விகலையைப் பெற்றார். எந்த எண்ணையும் வேண்டியவாறு கூட்டிக் குறைக்கவில்லை. இம்முறை மாறவேண்டியது விதியே. ஆனால் 43 விகலை என்பது பாகையில் எண்பதில் ஒரு பங்குதான். அதுவும் நூறு ஆண்டுக்கு. மற்றக் கோள்களால் வரும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட விகலையை ஒருவர்பின் ஒருவராகப் பொறுமையுடன் கணித்துக் கழித்திராவிடில், எஞ்சிய அச்சிறு தொகை எவர் கண்ணிலும் பட்டிராது. பழைய விதியை முற்றாகக் கணித்தவர்களே புதிய விதிக்கு வாயில் திறந்தனர்.

புவான்காரேயின் திருத்தம்

இன்னும் ஒரு நிகழ்ச்சியைக் கூறாவிடில் இவ்வரலாறு நிரம்பாது. சுவீடன் நோர்வே நாடுகளின் மன்னர் இரண்டாம் ஒஸ்காரின் அறுபதாம் பிறந்தநாள் 1889 சனவரி 21இல் வந்தது. அதனையொட்டி நடந்த கணிதப் போட்டியில், பல பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்து அசையும் கணக்கு ஒரு வினாவாக விடுக்கப்பட்டது. பிரான்சு நாட்டு ஹென்றி புவான்காரேக்குப் பரிசு கிடைத்தது. பொற்பதக்கமும் 2500 குரோனரும். மூன்றாவது பொருள் மிகச் சிறிதாயுள்ள எளிய வகையை எடுத்துக்கொண்டு, சில அசைவுகள் என்றும் கட்டுக்குள் நிற்கும் என்று அவர் நிறுவியதாக எல்லோரும் கருதினர்.

கட்டுரை அச்சாகுங் காலத்தில், பதிப்புவேலை பார்த்த பிராக்மன் என்னும் இளைஞர் சில இடங்கள் விளங்கவில்லை என்று குறித்தார். அவற்றுக்கு விடை எழுதத் தொடங்கிய புவான்காரே, வேறோரிடத்திற் பெரும் பிழையொன்று இருப்பதைத் தாமே கண்டார். அவ்வாண்டின் இறுதியிற் பதிப்பாசிரியர் மித்தாக்-லெவ்லருக்கு அதனை ஒளியாது அறிவித்தார். அச்சான பிரதிகள் மீட்கப்பட்டன. மறுபடி அச்சிடும் செலவு 3585 குரோனருக்கு மேல். பரிசுத்தொகையினும் ஆயிரத்துக்கு மேல் அதிகம். அதைப் புவான்காரேயே செலுத்தினார்.

1890இல் வெளிவந்த திருத்திய கட்டுரை, பிழையுள்ளதினும் பன்மடங்கு ஆழமானது. ஒன்றோடொன்று பொருந்தி மூடிக்கொள்ளும் என்று அவர் முன்னர் எண்ணிய இரு வளைகோடுகள், உண்மையில் ஒன்றையொன்று எண்ணிறந்த முறை வெட்டிப் பின்னிக் கிடந்தன. தொடக்கநிலையில் உள்ள மிகச் சிறிய வேறுபாடு, காலஞ் செல்லச் செல்லப் பெரும் வேறுபாடாக வளரும் என்பது இதன் பொருள். விதி சரி, கணக்குச் சரி, மறைந்த பொருளும் இல்லை. ஆயினும் நெடுங்காலத்தின் பின் நிகழ்வதை முன்கூட்ட இயலாது. முன்னைய மூன்று விடைகளோடு இது நாலாவது.

1912இற் பின்லாந்து நாட்டுச் சுண்ட்மன் மூன்று பொருள்களின் கணக்கிற்கு ஒரு தொடரை விடையாகத் தந்தார். அது கணிதத்திற் குறையற்ற விடை. ஆனால் வானியலுக்கு வேண்டிய நுட்பத்தைப் பெற எத்தனை உறுப்புகளைக் கூட்டவேண்டும் என்று பின்னர் மதிப்பிட்டபோது, அவ்வெண் ஒன்றின் பின் எண்பது இலட்சம் பூச்சியம் கொண்டதாயிருந்தது. 1989இல் லஸ்கார் என்னும் பிரெஞ்சு வானியலார் கணனியின் துணையால், உட்கோள்களின் அசைவும் புவான்காரே காட்டிய இயல்பினதே என்று கண்டார். பூமியின் நிலையில் இன்று பதினைந்து மீற்றர் பிழை இருப்பின், பத்துக் கோடி ஆண்டின் பின் அது எங்கே நிற்கும் என்று கூறவியலாது. நூறு ஆண்டுக்கோ ஆயிரம் ஆண்டுக்கோ கணித்தற்கு இது தடையன்று. கணக்கின் எல்லை எது என்பதையும் கணக்கே சொல்லித்தந்துவிட்டது.

நாம் கொள்ளத்தக்கது

கணக்கும் வானமும் முரண்பட்டபோது, முன்கூட்டியே குற்றவாளியைத் தீர்மானித்தவர்கள் ஏதோ ஒரு முறை தவறினர். விதியில் எப்பொழுதும் குற்றமில்லை என்று பிடிவாதமாய் இருப்பவர் புதனில் தோற்பர். முதல் முரண்பாட்டிலேயே விதியைத் தள்ளுபவர் சந்திரனில் தோற்பர். நெப்தியூனைத் தந்த அதே முறையை லெவெரியே மீண்டும் நம்பி வல்கனில் ஏமாந்தார். எந்த விடை சரியென்று அறிய ஒரே வழிதான் இருந்தது. விட்டுவைத்த திருத்தத்தையும் விடாது கணித்தல். பின்னர் வந்த முடிவு தம் முந்திய சொல்லுக்கு மாறாயினும் சபையில் எழுந்து கூறுதல்.

எம் வயதினர் பழைய வழக்கங்களையும் கொள்கைகளையும் குறைகூற விரைகின்றோம். பெரியோர் சிலர் அவற்றில் ஒரு குறையும் இல்லை என்று முடிக்கின்றனர். இரு திறத்தாரும் கிளெரோவின் அந்த இரண்டு ஆண்டுகளை எண்ணிப்பார்த்தல் நன்று. முப்பத்துநான்கு வயதிற் பெரியவர் ஒருவரின் விதியைப் பிழையென்றார். முப்பத்தாறாம் வயதிற் பிழை தம் கணக்கிலென்றார். அதனால் அவர் பெயர் குறையவில்லை.

ஹலியின் வால்வெள்ளி 1986இல் வந்து சென்றது. அடுத்து 2061ஆம் ஆண்டு சூலை மாத இறுதியிற் சூரியனுக்கு அணித்தாக வரும். இப்பொழுது ஒரு மாதப் பிழைக்கு இடமில்லை. எம் சங்கத்து இளைஞரிற் பலர் அன்று அறுபதை அணுகியிருப்பர். வானம் முகிலின்றி இருப்பின், பேரப்பிள்ளைகளை முற்றத்திற்கு அழைத்து அதனைக் காட்டுகையில், ஆறு மாதம் உணவு மேசையிலும் எண் பெருக்கிய மூவரின் கதையையும் சொல்லிக் கொடுப்போமாக.